ஒரு வலைக்குள் பல பறவைகள்

வெவ்வேறு இனப் பறவைகளை ஒரே அடைப்புக்குள் வளர்க்கும் வழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று இருக்கிறது. கோழியும் வாத்தும் புறாவும் ஒரே முற்றத்தில் மேய்ந்தது அதற்கும் வெகு முந்தியது. ஆனால் அவை பொழுது சாய்ந்தால் தத்தம் அடைவிடத்துக்குப் போய்விடும். கண்ணுக்கும் காதுக்கும் விருந்தாக, தப்பிப் பறக்க வழியில்லாத ஓரிடத்தில் பல இனங்களை விட்டுவைப்பது வேறு வகையான வேலை. அதில் இறங்கியவர்களைச் சண்டையும் தீனியும் நோயும் மாறிமாறிச் சோதித்தன. சண்டை அன்றைக்கே கண்ணில் படும். தீனிக் கோளாறு சில வாரங்களில் வெளிப்படும். நோய் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. பறவைகளைச் சேர்த்து வளர்த்த வரலாறு, உண்மையில் அவற்றை எப்போது, எவ்வளவு நாள் பிரித்து வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட வரலாறுதான்.

ரோமானிய அறிஞர் வர்ரோ கி.மு. 37இல், எண்பது வயதை நெருங்கிய காலத்தில், வேளாண்மை பற்றி மூன்று பாகங்களில் ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் பறவைக்கூடங்களுக்குத் தனி இடம் உண்டு. பிரண்டிசியம் துறைமுக நகரைச் சேர்ந்த லேனியஸ் ஸ்ட்ராபோ என்பவரே வலையிட்ட மண்டபத்தில் முதன்முதலாகப் பறவைகளை அடைத்து வளர்த்தவர் என்பது அவர் தரும் செய்தி. வர்ரோவுக்கும் காசினம் என்ற ஊரில் சொந்தமாக ஒரு பறவைக்கூடம் இருந்தது. வெளிவரிசைத் தூண்களுக்கு இடையே நரம்பு வலை, உள்வரிசைத் தூண்களுக்கு இடையே பறவை வலை, நடுவே நைட்டிங்கேல், கரும்பூங்குருவி முதலான பாடும் பறவைகள். தீனி வலைக்கு அடியில் தள்ளப்பட்டது. தண்ணீர் சிறு வாய்க்காலில் ஓடிவந்தது. தூண்களில் படிப்படியாக முளைகள் அடித்து, அரங்கத்து இருக்கைகள் போலப் பறவைகளுக்கு உட்காரும் இடம் செய்திருந்தார்கள்.

அந்த முளைகளின் அமைப்பு வெறும் அழகுக்காக மட்டும் பயன்பட்டிருக்காது. உட்கார்ந்த பறவை பக்கத்துப் பறவையின் அலகு எட்டாத தூரத்தில் இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். உயரமான தண்டைப் பிடிக்க எல்லாப் பறவைகளும் போட்டி போடும். ஒரே ஒரு உயரமான தண்டு உள்ள கூண்டில் சண்டை ஓயாது. ஒரே உயரத்தில் பல இடங்கள் இருந்தால் போட்டி தணியும். இன்றைக்கும் கூண்டுக்குள் உட்கார் குச்சிகளை வைக்கும்போது இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

வர்ரோ சொல்லும் இன்னொரு வகைக் கூடம் சந்தைக்கானது. துரஷ் என்னும் பூங்குருவிகளை ஆயிரக்கணக்கில் பிடித்து அடைத்து, உலர் அத்தியும் மாவும் பிசைந்த உருண்டை கொடுத்துக் கொழுக்க வைத்து விற்பார்கள். அவருடைய அத்தையின் பண்ணையிலிருந்து ஒரே ஆண்டில் 5,000 பூங்குருவிகள், ஒன்று மூன்று தினாரியஸ் வீதம் விலைபோயின. இந்தக் கூடத்தின் கட்டுமானத்தில் பறவையின் மனநிலைக்கு இடம் தந்திருக்கிறார்கள். வெளியே உள்ள மரங்களையும் சுதந்திரமாகப் பறக்கும் பறவைகளையும் பார்த்தால் அடைபட்டவை ஏங்கி இளைக்கும் என்பதால் சன்னல்கள் குறைவு. தண்ணீர் அகலமாகத் தேங்கினால் எச்சம் விழுந்து கெடும் என்பதால் குறுகிய, துடைக்க வசதியான கால்வாய். அறுப்புக்குத் தேர்ந்தெடுத்தவற்றைக் கொல்ல ஒட்டினாற்போல் ஒரு சிறு அறை. கூட்டாளிகள் கொல்லப்படுவதைக் கண்டால் மற்றவை மனமுடைந்து, விற்பவருக்குத் தோதில்லாத நேரத்தில் சாகும் என்று அதற்குக் காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. கரிசனமா கல்லாவா என்று கேட்டால் கல்லாதான். ஆனாலும் கவனித்தது சரி.

லுக்குல்லஸ் என்ற படைத்தலைவர் துஸ்குலத்தில் செய்ததைச் சொல்லாமல் ரோமைக் கடக்க முடியாது. பறவைக்கூடத்துக்குள்ளேயே உணவு மண்டபம் கட்டி, தட்டில் சமைத்த பறவையையும் தலைக்கு மேல் பறக்கும் பறவையையும் ஒருசேர ரசிக்கத் திட்டமிட்டார். நாற்றம் தாங்கவில்லை. கண் பெறும் இன்பத்தைவிட மூக்கு படும் பாடு பெரிது என்ற வகையில் வர்ரோ அதை ஒதுக்கிவிட்டார்.

புதுப் பறவையைப் பழைய பறவைகளோடு பழக்குவது பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று அடுத்த நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லாவிடம் கிடைக்கிறது. காட்டிலிருந்து பிடித்துவந்த பூங்குருவி தீனியும் தண்ணீரும் தொடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். அதற்காகவே வேட்டையாளர்கள் கூண்டில் நெடுநாள் இருந்த சில பறவைகளை விற்காமல் வைத்திருப்பார்கள். அவை புதியவற்றின் நடுவே பறந்து திரிந்து, தீனிக்கும் தண்ணீருக்கும் போகும்போது புதியவையும் பார்த்துப் பின்தொடரும். இது ஓரினத்துக்குள் நடந்த ஏற்பாடு. ஆனால் பறவை பறவையைப் பார்த்துத்தான் பயம் தெளிகிறது என்ற அதன் அடிப்படை இன எல்லை தாண்டியும் பொருந்தும். கைக்குப் பழகிய காக்கட்டீல் கிளி ஒன்று பக்கத்துக் கூண்டில் இருந்தால், மிரண்டு கிடக்கும் பட்ஜெரிகர் கிளி சீக்கிரம் தேறுவதை வளர்ப்போர் பலரும் கவனித்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவுக்கு வெளியே, ரோமைவிடப் பெரிய அளவில், பல இனங்களைச் சேர்த்து வளர்த்துக் காட்டியவர்கள் மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள். ஸ்பானியத் தளபதி கொர்த்தேஸ் 1520இல் தன் அரசருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் தெனொச்தித்லான் நகரில் மொக்தேசுமா மன்னர் வைத்திருந்த பறவை மாளிகையை விவரிக்கிறார். நீர்ப்பறவைகளுக்கு மட்டும் பத்துக் குளங்கள். கடற்பறவைகளுக்கு உப்புநீர், ஆற்றுப்பறவைகளுக்கு நன்னீர். குளங்களை அவ்வப்போது வடித்துக் கழுவி மறுபடி நிரப்பினார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் அது காட்டில் தின்பதே தீனி: மீன் தின்பவற்றுக்கு மீன், புழு தின்பவற்றுக்குப் புழு, மக்காச்சோளம் கொத்துபவற்றுக்கு மக்காச்சோளம், பொடிமணி தின்பவற்றுக்குப் பொடிமணி. மீன் தின்பவற்றுக்கு நாளொன்றுக்குப் பத்து அரோபா, அதாவது ஏறத்தாழ 115 கிலோ மீன் போனது. 300 ஆட்கள் பராமரிப்புக்கு. நோயுற்ற பறவைகளைக் கவனிக்கவென்றே தனி ஆட்களும் உண்டு. வேட்டைப் பறவைகள் வேறு மாளிகையில். அவற்றின் கூண்டில் பாதிக்குக் கூரை, பாதிக்கு வலை, மழைக்கு ஒதுங்கவும் வெயில் காயவும் வசதியாக.

பார்வையாளரின் கண்ணுக்கு அது பல்லினப் பறவைகளின் ஒரே மாளிகை. பராமரித்தவர்களின் கணக்கில் அது தண்ணீராலும் தீனியாலும் அலகாலும் பிரிக்கப்பட்ட பல வீடுகள். அன்றைய ஐரோப்பிய அரண்மனைகளில் இத்தனை ஒழுங்கு இருந்ததாகத் தெரியவில்லை. 1521இல் நகரை முற்றுகையிட்டபோது அந்த மாளிகையைக் கொர்த்தேஸே கொளுத்தச் சொன்னார்.

பதினாறாம் நூற்றாண்டு தொட்டுக் கப்பல்கள் புதுப்புதுப் பறவைகளை ஐரோப்பாவில் இறக்கின. அரச குடும்பங்களின் பறவைக்கூடங்களைப் பற்றி இங்கே நீட்ட வேண்டியதில்லை. லண்டனில் பேர்டுகேஜ் வாக் என்ற தெருவின் பெயர் அவற்றில் ஒன்றின் மிச்சம். வளர்ப்பு நுட்பம் வளர்ந்தது அரண்மனையில் அல்ல, நெசவாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் கேனரி வளர்த்த சின்ன வீடுகளில்.

கேனரிப் பெட்டையோடு கோல்டுஃபிஞ்ச் என்ற காட்டுப் பறவையின் சேவலை இணைத்தால் பிறக்கும் கலப்புக் குஞ்சு நன்றாகப் பாடும், நிறமும் அழகு. கோவேறு கழுதை போல அதற்கு இனப்பெருக்கத் திறன் இராது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் இரண்டு இனங்களையும் புதிதாக இணைக்க வேண்டும். இங்கேதான் ஓரினத்தை வேறோர் இனத்துக்கு அறிமுகம் செய்யும் முறை ஒழுங்கு பெற்றது. இளம் கோல்டுஃபிஞ்சை இலையுதிர் காலத்திலேயே கேனரிகளின் அருகில் கொண்டுவந்து, குளிர்காலம் முழுவதும் ஒரே தீனிக்குப் பழக்குவார்கள். வசந்தம் வந்ததும் இரட்டைக் கூண்டு. அதன் நடுவே இரண்டு தடுப்புகள், ஒன்று மரப்பலகை, மற்றது கம்பி. முதலில் பலகை இருக்கும். ஒன்றின் குரலை மற்றது கேட்கும், முகம் பார்க்க முடியாது. சில நாளில் பலகையை உருவிவிடுவார்கள். கம்பி வழியே ஒன்றையொன்று பார்க்கும். சேவல் தன் தீனியைக் கம்பி இடுக்கு வழியே பெட்டைக்கு ஊட்டத் தொடங்கினால் கம்பியையும் உருவலாம். கம்பிக்கு அந்தப் பக்கம் அலகைத் திறந்து இறக்கையை விரித்துச் சீறினால் பலகை திரும்பவும் உள்ளே போகும்.

முதலில் குரல், பிறகு பார்வை, கடைசியில் தொடுகை என்ற இந்த வரிசையை மேம்படுத்தும் அளவுக்கு எதுவும் அதன்பின் கண்டுபிடிக்கப்படவில்லை. உயிரியல் பூங்காக்கள் இன்று பெரிய கூடத்துக்குள் சிறு கூண்டு வைத்து, புதுப் பறவையை அதில் சில வாரம் விட்டுவைத்துப் பிறகு கதவைத் திறப்பதும் அந்த இரட்டைக் கூண்டின் வேறு வடிவம்தான்.

ஜெர்மானிய இயற்கையியலர் பெக்ஸ்டைன் 1795இல் அறைப்பறவைகள் பற்றி வெளியிட்ட நூல் இந்தத் துறையின் முதல் பெரிய கையேடுகளுள் ஒன்று. அன்றைய ஜெர்மன் வீடுகளில் காட்டுப் பறவைகளை அறைக்குள் தாராளமாக விட்டு வளர்ப்பார்கள். எந்தப் பறவை எதனோடு ஒத்துப்போகும், எது ஆகாது என்ற அனுபவம் அந்நூலில் நிறைய. நம் ஊர்ப் பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவான ஐரோப்பியப் பட்டாணிக்குருவியைப் பற்றிய எச்சரிக்கை பலருக்கும் வியப்பளிக்கும். பார்க்கச் சிறியதும் துறுதுறுப்பானதுமான அது, பலவீனமான பறவையின் மண்டையைக் கொத்தித் திறந்து மூளையைத் தின்னும். உருவம் சிறியது என்பதற்காக ஒரு பறவையைச் சாது என்று முடிவுகட்டக் கூடாது என்ற விதி அங்கே தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்த பிறகு பறவை வணிகம் பெருகியது. பறவையியலர் ஜான் கூல்டு 1840இல் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள பட்ஜெரிகர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். சில பத்தாண்டுகளில் அவை ஆயிரக்கணக்கில் இறக்குமதியாயின. ஆப்பிரிக்கச் சில்லைகள், இந்தியாவின் சிவப்புச் சில்லை, தென்னமெரிக்கக் கிளிகள் என்று லண்டன், ஹாம்பர்க் வணிகர்களின் கடைகளில் எல்லாக் கண்டத்துப் பறவைகளும் அடுத்தடுத்த பெட்டிகளில் இருந்தன. பெர்லினில் கார்ல் ரூஸ் என்பவர் வீட்டின் ஓர் அறையையே மரக்கிளைகளும் கூட்டுப்பெட்டிகளும் வைத்துப் பறவை அறையாக்கி, அயல்நாட்டு இனங்கள் பலவற்றைச் சேர்த்து வளர்த்தார். பறவை வளர்ப்போருக்காக 1872இல் அவர் தொடங்கிய இதழ் இந்த மோகத்தை நாடெங்கும் பரப்பியது. இங்கிலாந்தில் 1894இல் பறவை வளர்ப்போர் சங்கம் ஒன்று உருவாகி, தன் பத்திரிகையில் உறுப்பினர்களின் வெற்றிகளையும் இழப்புகளையும் அச்சிட்டது.

அந்த அனுபவங்களிலிருந்து சில விதிகள் திரண்டன. சில்லை இனங்களில் ஒரு ஜோடி வைக்கலாம், மூன்று ஜோடி வைக்கலாம், இரண்டு ஜோடி கூடாது. இரண்டாக இருந்தால் ஒன்றின் கோபம் முழுவதும் மற்றதன் மேல் இறங்கும், மூன்றானால் அது சிதறும். கூட்டுப்பெட்டிகள் ஜோடிகளின் எண்ணிக்கையைவிட அதிகமாக, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நிறம் ஒத்த இனங்களைச் சேர்க்கக் கூடாது. ஒரே நேரத்தில் எல்லாப் பறவைகளையும் புதுக்கூடத்தில் விட வேண்டும். பின்னால் ஒன்றைச் சேர்ப்பதானால் உள்ளிருக்கும் பொருட்களை இடம் மாற்றிவிட்டுச் சேர்க்க வேண்டும். இடம் மாறினால் பழைய பறவைக்கும் அது புது ஊராகிவிடும், எல்லை காக்கும் வேகம் குறையும்.

இவை ஏன் பலிக்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிந்தது. நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே சிறுவயதில் தொடங்கிய கோழி ஆய்வை 1922இல் வெளியிட்டு, எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தலாம் என்று கூட்டத்துக்குள் ஒரு வரிசை இருப்பதைக் காட்டினார். புதுப் பறவை வந்தால் அந்த வரிசை குலையும், மறுபடி அமையும்வரை கொத்துதான். ஆங்கிலேயர் டேவிட் லாக் ராபின் பறவையைப் பற்றி 1943இல் வெளியிட்ட நூலில், எல்லைக்குள் வைத்த வெறும் சிவப்பு இறகுக் கொத்தையும் ராபின் தாக்கும் என்று பதிவுசெய்தார். நிறம் ஒத்தவற்றைச் சேர்க்காதே என்ற பழைய விதிக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் ஹெடிகர் 1942இல், ஒவ்வொரு விலங்குக்கும் அபாயம் நெருங்கினால் விலகியோட ஒரு தூரம் தேவை, கூண்டு அந்தத் தூரத்தைத் தராவிட்டால் உள்ளிருப்பது ஓயாத அச்சத்தில் வாழும் என்று எழுதினார்.

இந்த மூன்றையும்விட மனத்தில் நிற்பது கொன்ராட் லோரென்ஸ் 1949இல் வெளியான தன் நூலில் சொல்லும் சம்பவம். ஐரோப்பியக் காட்டுப்புறாச் சேவல் ஒன்றையும் ஆப்பிரிக்க வளையப்புறாப் பெட்டை ஒன்றையும் இணைக்க எண்ணி, இரண்டையும் விசாலமான ஒரு கூண்டில் விட்டார். முதலில் நடந்த சிறு கொத்தலைப் பொருட்படுத்தாமல் வியன்னாவுக்குப் போய்விட்டார். மறுநாள் திரும்பியபோது காட்டுப்புறா தரையில் கிடந்தது. தலையின் மேற்புறமும் கழுத்தும் முதுகும் இறகு பிடுங்கப்பட்டு ஒரே ரணம். சமாதானத்தின் சின்னமாகப் போற்றப்படும் வளையப்புறா அதன்மேல் ஏறி நின்று மேலும் கொத்திக்கொண்டிருந்தது. கூரிய அலகுடைய அண்டங்காக்கை தன் இனத்தானின் கண்ணைக் கொத்தத் தயங்கும். வெளியில் தோற்ற புறா பறந்து தப்பிவிடும் என்பதால் புறாவுக்கு அப்படியொரு தயக்கம் தேவைப்படவே இல்லை. கூண்டு தப்பும் வழியை அடைத்துவிடுகிறது. சாதுவான பறவைகள் என்று இரண்டைச் சேர்த்துவிட்டு வெளியூர் போகிறவர்கள் இதை ஒருமுறை படிப்பது நல்லது.

சண்டையைக் கண்ணால் பார்த்து விதி வகுத்தவர்களுக்கு நோய் விஷயத்தில் அந்த வசதி இல்லை. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1879இல் ஒரே வீட்டுடன் தொடர்புடைய 7 பேர் கடுமையான நுரையீரல் காய்ச்சலில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அந்த வீட்டின் படிப்பறையில் அயல்நாட்டுக் கிளிகளும் சில்லைகளும் இருந்தன. காய்ச்சலுக்கும் பறவைகளுக்கும் உள்ள தொடர்பை முதலில் ஊகித்து எழுதியவர் மருத்துவர் ரிட்டர். 1892இல் பாரிஸில் இன்னும் பெரிதாக அதே கதை. புவனஸ் ஐரிஸிலிருந்து கப்பலேறிய 500 கிளிகளில் ஏறத்தாழ 300 வழியிலேயே இறந்துபோயின. எஞ்சியவற்றை விற்றபின் நகரில் நோய் பரவியது. சிட்டகோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சல் என்று மூன்றாண்டு கழித்து அதற்குப் பெயர் வந்தது.

1929 இறுதியிலும் 1930 தொடக்கத்திலும் அது கடல் கடந்து பல நாடுகளில் ஒரே நேரத்தில் தலைகாட்டியது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த கிளிகள் பல வீடுகளுக்குக் காய்ச்சலையும் கொண்டுவந்தன. நோய்க்கிருமியை ஆராய்ந்த கூடங்களிலேயே ஆட்கள் விழுந்தார்கள். 1930 ஜனவரியில் அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்குத் தடை விதித்தார். தடை போட்டும் நோய் நிற்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கார்ல் மேயர் தேடிப் போனபோது, கலிபோர்னியாவில் வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்த, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத பட்ஜெரிகர்களிடமே கிருமி இருந்தது.

ஆரோக்கியமாகத் தெரியும் பறவை நோய் சுமக்கலாம் என்பதைப் பறவை வளர்ப்பின் வரலாற்றில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்று சொல்லலாம். பல்லினக் கூடத்தில் இதன் பொருள் இன்னும் கொடியது. ஓர் இனம் பழகிப்போன கிருமி இன்னோர் இனத்துக்கு எமன். பிரேசிலில் 1930ஐ ஒட்டி விவரிக்கப்பட்ட பச்சேக்கோ நோயை நந்தே, படகோனியக் கிளி போன்ற கான்யூர் வகைகள் எந்த அறிகுறியும் இல்லாமல் சுமக்கும். பக்கத்துக் கூண்டு அமேசான் கிளியோ பஞ்சவர்ணக்கிளியோ முந்தின நாள்வரை நன்றாகத் தின்றுவிட்டு மறுநாள் செத்துக் கிடக்கும். 1970களின் பிற்பகுதியில் பஞ்சவர்ணக்கிளிகள் தின்றும் தேறாமல் மெலிந்து செத்ததற்குக் காரணமான போர்னா வைரஸ் 2008இல்தான் அகப்பட்டது. அதுவரை முப்பது ஆண்டுகள் வளர்ப்போர் இருட்டில் துழாவினார்கள். நோயே இல்லாத தொல்லையும் உண்டு: காக்கட்டூவும் சாம்பல் கிளியும் காக்கட்டீலும் உதிர்க்கும் இறகுப்பொடி, காற்றோட்டமில்லாத அறையில் நீல மஞ்சள் பஞ்சவர்ணக்கிளியின் நுரையீரலைக் கெடுக்கும்.

நம் ஊர்க் கோழி வளர்ப்போர் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய்தான் அரசுகளை இறுதியில் அசைத்தது. 1971இல் கலிபோர்னியாவில் இறக்குமதிக் கிளிகளிடமிருந்து பண்ணைக் கோழிகளுக்கு அது தாவியபோது ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. கிளிகள் செத்தவரை கவலைப்படாதவர்கள் முட்டை விலை ஏறியதும் விழித்துக்கொண்டார்கள். இறக்குமதிப் பறவைகளுக்கு 30 நாள் தனிமைக்காலம் கட்டாயமானது அதன் பின்விளைவு.

தனிமைக்காலமும் சரியாகச் செய்தால்தான் தனிமைக்காலம். 2005 அக்டோபரில் இங்கிலாந்தின் எஸ்செக்ஸ் மாவட்டத் தனிமைக் கூடம் ஒன்றில் சுரினாமிலிருந்து வந்த கிளி ஒன்று பறவைக்காய்ச்சலில் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே கூடத்தில் தைவானிலிருந்து வந்த மெசியா என்ற சிறு பறவைகளும் செத்துக்கொண்டிருந்தன. கிளியின் திசுவும் மெசியாவின் திசுவும் ஒன்றாகச் சேர்த்துப் பரிசோதிக்கப்பட்டதால் நோய் யாரிடமிருந்து வந்தது என்பதே முதலில் குழம்பியது. பெரும்பாலும் மெசியாக்களிடமிருந்துதான் என்று பின்னர் விசாரணை முடிவுக்கு வந்தது. பிரித்து வைப்பதற்காகவே கட்டிய இடத்தில் இரண்டு கண்டத்துப் பறவைகளை ஒன்றாக வைத்திருந்தார்கள். காட்டுப்பறவை இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் முதலில் தற்காலிகமாகவும் 2007 ஜூலை முதல் நிரந்தரமாகவும் தடுத்தது.

பெரிய பொதுக் கூடங்களின் கதை இதற்கு இணையாக ஓடியது. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 228 அடி நீளமும் 50 அடி உயரமுமாகக் கட்டப்பட்ட பறவைக்கூண்டை அந்த நகரமே விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டது. 1965இல் லண்டன் உயிரியல் பூங்காவில் மனிதர்கள் உள்ளே நடந்துபோகும் பெருங்கூடம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1971 ஜனவரி 3இல் திறந்த ஜூரோங் பறவைப் பூங்கா, 30 மீட்டர் செயற்கை அருவியோடு இரண்டு ஹெக்டேர் அளவில் ஒரே கூடம் எழுப்பியது. அங்கே போகாத சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் குறைவு. அது 2023 ஜனவரியில் மூடப்பட்டு, மண்டாயில் அதே ஆண்டு மே மாதம் புதிய பூங்கா தொடங்கியது. இத்தகைய இடங்களில் பல இனங்கள் ஒன்றாக வாழ முடிவதற்கு முதற்காரணம் பரப்பு. தரையில் மேய்வது, நடுக்கிளையில் திரிவது, உச்சியில் தங்குவது என்று இனங்களை அடுக்கடுக்காகத் தேர்வுசெய்கிறார்கள். தீனித்தட்டுகள் பல இடங்களில் இருக்கும். கிளிகள் பெரும்பாலும் வேறு கூடத்தில்தான்.

வீட்டுக் கூண்டுக்கு அந்தப் பரப்பு கிடையாது. சென்னையில் 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பறவைக் கடைகள் பேர்பெற்றவை. இந்தியப் பறவைகளின் வணிகம் 1990–91இல் தடைசெய்யப்பட்ட பின், பச்சைக்கிளியும் சில்லையும் சட்டப்படி கடையிலிருந்து மறைந்து, பட்ஜெரிகர், காக்கட்டீல், ஜீப்ரா ஃபிஞ்ச், ஆப்பிரிக்க லவ்பேர்ட்ஸ் என அயல்நாட்டு இனங்களே மிஞ்சின. தமிழ்நாட்டுக் கடைகளில் பட்ஜெரிகருக்கும் லவ்பேர்ட்ஸ் என்றே பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி ஒரே கூண்டில் விட்டால், ஆப்பிரிக்க இனம் பட்ஜெரிகரின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கும். அடுத்தடுத்த கூண்டு என்றாலும் இரண்டு கம்பிவலைகளுக்கு இடையே விரல் எட்டாத இடைவெளி வேண்டும். கம்பியில் தொற்றி நிற்கும் விரல் அந்தப் பக்கத்து அலகுக்கு எளிய இரை.

நோய்ப் பட்டறிவும் சண்டைப் பட்டறிவும் சேர்ந்து இன்று நிலைத்திருக்கும் நடைமுறை இது. புதுப் பறவை 30 முதல் 45 நாள் வேறு அறையில், வேறு தட்டு, வேறு தண்ணீர்க் கிண்ணத்தோடு இருக்கும். காலையில் பழைய பறவைகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே அதனிடம் போவார்கள். எச்சத்தின் நிறம், மூச்சின் சத்தம், எடை மூன்றையும் குறித்து வைப்பார்கள். அலகு இறகு நோய் போன்றவை இந்த நாட்களில் வெளிப்படாமலே இருக்கக்கூடும். 1990களில் வந்த மரபணுச் சோதனை அதற்குத்தான். பிறகு ஒரே அறையில் தள்ளித் தள்ளிக் கூண்டு, அப்புறம் அருகருகே. முதல் சந்திப்பு இரண்டுக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், இரண்டு தீனித்தட்டோடு, ஆள் பார்த்திருக்க நடக்கும். முட்டையிடும் பருவத்தில் செய்வதில்லை. முட்டையிடும் பானை கூண்டுக்குள் இருந்தால் சாதுப் பறவையும் சீறும். தினை தின்னும் சிறு பறவையைப் பெரிய கிளியோடும், தேன் குடிக்கும் லோரியைத் தானியம் தின்பவற்றோடும் சேர்ப்பதில்லை. சில ஜோடிகள் எவ்வளவு நாளானாலும் ஒத்துப்போகாது. அவற்றைத் தனித்தனிக் கூண்டில் வைத்திருப்பதில் குறை ஒன்றுமில்லை.

2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பஞ்சவர்ணக்கிளி, காக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலியவற்றை இந்தியாவில் வளர்ப்போர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பட்ஜெரிகரும் காக்கட்டீலும் அந்தப் பட்டியலில் இல்லை.